கடைசியா இன்னா சொன்னாரு?

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நான் செய்த முதல் காரியம், ஒரு டீக்கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டு, பாலை அது பாட்டுக்குப் பொங்கவிட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தணிச்சு வைங்க, பால் அடிப்புடிக்குது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா, எனக்கே டீ போட கத்துக் குடுக்கறியா?" என்றார். மலேசியாவில், கிள்ளான் பட்டணத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் முப்பது வருஷமாக டீ மாஸ்டர் நான். இரண்டு கிளாஸ் குடித்தேன். நல்ல டீதான், குறை சொல்லக் கூடாது.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனில்லை. செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் அனந்தபுரம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சரளா என்று ஒரு பெண். அவள் புருஷன் சேகர் எங்கள் கடையில் ரொட்டி போட்டவன்; பரோட்டாவுக்கு அங்கே ரொட்டி என்றுதான் பேர். ஆறு வருஷம் எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவன். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையிலேயே செத்துப்போனான். மாரடைப்பு என்றார்கள். பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினோம். அன்றைக்கு சரளா என்னிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா இன்னா சொன்னாரு அண்ணா?" நான், "உன் பேரைத்தான்மா சொன்னான்" என்றேன். பொய். ஆறுதலுக்காகச் சொன்ன பொய்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாதாமாதம் அவனுடைய திதி வந்ததும் கூப்பிடுவாள். அதே கேள்வி. "எப்டி சொன்னாரு? கோவமாவா, சாதாரணமாவா?" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன். மெதுவாகச் சொன்னான் என்றேன். முகம் சிரித்த மாதிரி இருந்தது என்றேன். கடைசியில் அவள் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தேன். நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். ஆனால் எப்படிச் சொல்வது? எனக்கு வாய் உண்டு, பையன்களைத் திட்டுவதற்கு. இந்த மாதிரி விஷயம் சொல்லப் பழகாத வாய் அது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு வரும் வாத்தியார் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பினார். வாய்மொழியாகக் கதை சொல்லவும், சொந்தக் கதையை எழுதவும் ஐந்து நாள் பயிற்சி. இடம் செஞ்சி. சேகர் வாய் ஓயாமல் சொன்ன ஊர்ப்பெயர். சாமி வழி காட்டுகிறது என்று நான் நினைக்கவில்லை. தப்பிக்க இனி வழியில்லை என்றுதான் நினைத்தேன்.

பயிற்சி நடந்தது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில். மெஷின்களை ஓரமாகத் தள்ளி ரெக்சின் உறை போட்டு மூடியிருந்தார்கள். நாங்கள் எட்டுப் பேர். நடத்தியவர் மலர்விழி, உள்ளூர்க்காரர், எங்கோ கல்லூரியில் வேலை, என் மகள் வயசு. முதல் நாளே எனக்கும் அவருக்கும் ஆகவில்லை. நான் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்தேன். "உள்ள வைங்க மாஸ்டர். எழுதறது நாளான்னிக்கு. இன்னிக்கு வாயும் காதும் போதும்" என்றார். காசு கொடுத்துக் கடல் தாண்டி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

அவருடைய முறை இது. எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் 'உம்' கொட்ட வேண்டும். "உம் கொட்ட ஆளில்லன்னா எங்க பக்கம் கதைய ஆரம்பிக்கவே மாட்டாங்க. சொல்றவரு பாதி, உம் கொட்றவரு பாதி" என்றார். "இங்க ஒரே ஒரு சட்டந்தான். நம்புனா உம் கொட்டுங்க. நம்பிக்க போச்சின்னா நிறுத்திடுங்க. உம் நின்னா கதையும் நிக்கணும். யாரும் கோச்சிக்கக் கூடாது."

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ஏழுமலை. அரசு பஸ் கண்டக்டர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "எனக்குப் பேச வராம இல்ல மாஸ்டர். நான் பேசனா ஊட்ல ஒருத்தரும் கேக்கறதில்ல. இங்க வந்தா கேட்டுத்தானே ஆவணும்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் சொன்ன கதை சிரிப்பாக இல்லை. அவர் வேலையில் சேர்ந்த புதிதில் அவருடைய நைனா மகன் கண்டக்டராகப் போகும் பஸ் என்று பெருமையாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். செக்கிங் வருவார்களோ என்ற பயத்தில் இவர் எல்லார் எதிரிலும், "டிக்கெட் வாங்கு நைனா" என்று கத்தியிருக்கிறார். நைனா வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சாகிறவரை அவர் ஏழுமலையின் பஸ்ஸில் ஏறவே இல்லை. "தோ, இதே ரோட்லதான். நான் போற பஸ்ஸ உட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாரு. நான் பாத்துக்கினே போவேன்." நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். முடிந்த பிறகும் கொட்டினேன்.

இரண்டாம் நாள் என் முறை. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு ஊரில் ஒரு ரொட்டி மாஸ்டர் என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டினேன், குரலை ஏற்றினேன், இறக்கினேன். ஏழுமலை சரியாக உம் கொட்டிக்கொண்டு வந்தார். 'அப்போது சேகர் கண்ணைத் திறந்து, சரளா என்றான்' என்று சொன்னேன். உம் வரவில்லை.

"இன்னும் இருக்குதுய்யா, கொட்டு" என்றேன்.

"முடியல மாஸ்டர்."

"ஏன்?"

"இருவது வருசமா டிக்கெட் எடுக்காதவன் சொல்ற கதைய கேட்டுக்கினு இருக்கறேன். நெசம் சொல்றவன் திக்குவான், முழுங்குவான். பொய் சொல்றவன்தான் அழகா சொல்லுவான். நீங்க அந்த எடத்த மட்டும் ரொம்ப அழகா சொன்னீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு மெஷினைத் தூக்கி அடித்திருப்பேன். விறுவிறு என்று கீழே இறங்கிப் போய் ஒரு கடையில் மூன்று பரோட்டா வாங்கித் தின்ன உட்கார்ந்தேன். எங்கள் ரொட்டி விரலால் தட்டினால் உதிரும், இங்கே பிய்க்கவே தனியாகத் தெம்பு வேண்டும் என்று அதன் மேலும் கோபப்பட்டேன். சால்னா மட்டும் அருமை. சேகர் இந்தச் சால்னாவைத்தான் கிள்ளானில் வைத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது ஞாபகம் வந்ததும் கடைசிப் பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தபோது ஏழுமலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அன்றைக்குப் பதினொன்றேகால் மணி இருக்கும். சேகர் வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு இடது கையால் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் வியர்வை. என்னடா என்றேன். "கேஸ்தான் மாஸ்டர், ஒரு சோடா குடுங்க" என்றான். உப்புப் போட்டுச் சோடா கொடுத்தேன். பக்கத்துக் கடைச் சீனர் எட்டிப் பார்த்தார். "இவன் முகம் சாம்பல் மாதிரி இருக்கிறது. என் காரில் ஏற்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று மலாய் மொழியில் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கேஸ்தான் என்றேன். வெள்ளிக்கிழமை, தொழுகை விட்டால் கூட்டம் அள்ளும். நான் போய்விட்டால் டீ ஆற்ற ஆளில்லை, கார் பின்னால் ஓட நேரமில்லை. சேகரை ஸ்டோரில் அரிசி மூட்டை மேல் படுக்க வைத்தேன். "லைட்ட அணைச்சிட்டுப் போங்க மாஸ்டர், கண்ணு கூசுது" என்றான். அணைத்துவிட்டு வந்தேன்.

கூட்டம் குறைய இரண்டரை ஆனது. போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, காற்றாடியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். செத்தவனுக்குக் காற்று வரட்டும் என்று வைத்துவிட்டு வந்த முட்டாள் நான்.

ஏழுமலை இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் உம் கொட்டினார். கடைசியில், "இத அப்டியே போயி சொல்லுங்க மாஸ்டர்" என்றார். "சொன்னா செருப்பால அடிப்பா" என்றேன். "அடிச்சா வாங்கிக்கினு வாங்க" என்றார்.

மூன்றாம் நாள் எங்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய், கல்யாண மகால் பக்கம் புல்தரையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார் மலர்விழி. மலை முழுக்கப் பாறை. லோரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்காமல் போய்விட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக்கார ஜோடி ஒன்று எங்களைக் கடந்து போனது. "இவர்களெல்லாம் என்ன பரீட்சையா எழுதுகிறார்கள்?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். அவன், "அப்படித்தான் தெரிகிறது, முகத்தைப் பார்" என்றான். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு பேனாவை வைத்தவன் நான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் அக்குள் நனைந்துவிட்டது.

மலர்விழி வாங்கிப் படித்தார். 'அவன் வேதனையில் துடித்தான்' என்ற இடத்தில் நிறுத்தினார். "துடிச்சத பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வெட்டுங்க. பாத்தது மட்டும் போதும்." கடைசி வரி, 'நான் ஒரு பாவி.' அதிலும் விரலை வைத்தார்.

"இது யாருக்கு மாஸ்டர்? அந்தம்மாவுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"நீங்க பாவின்னு சொன்னா, அவங்க 'இல்லண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க'ன்னு உங்களத் தேத்தணும். புருஷன் செத்தவங்களுக்கு அந்த வேலய எதுக்குக் குடுக்கறீங்க?"

வெட்டினேன். மலர்விழி மேல் இருந்த கோபமெல்லாம் அங்கே போயிற்று. வகுப்பில் நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டு வெட்டுதான். பார்க்காததைச் சொல்லாதே. கேட்கிறவள் தலையில் உன் பாரத்தை இறக்காதே.

நான்காம் நாள் வகுப்பு மத்தியானத்தோடு முடிந்தது. அனந்தபுரம் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் பஸ் நிற்கும், ஏறுவோம். இங்கே பஸ் வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குழந்தை எல்லாம் உள்ளே போகிறது. தள்ளுமுள்ளில் நானும் ஒன்றில் ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டபோதுதான் அது சீயமங்கலம் பக்கம் போகிற பஸ் என்று தெரிந்தது. "அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதிர்பக்கம் நில்லுங்க" என்றார் கண்டக்டர். நான் இறங்கவில்லை. "பரவால்ல, சீயமங்கலமே குடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. சீயமங்கலத்தில் பல்லவர் காலத்துக் குகைக் கோயிலைப் பார்த்தேன். தூணைப் பார்த்தேன், சிங்கத்தைப் பார்த்தேன். ஒன்றும் மனசில் ஏறவில்லை. வெளியே ஒரு அம்மா அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. வாங்கி உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"யாரு ஊட்டுக்கு வந்த?" என்றார் அந்த அம்மா.

"யாரு வீட்டுக்கும் இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்த?"

கிள்ளானிலிருந்து இத்தனை தூரம் வந்து, போக வேண்டிய வீட்டுக்குப் போகாமல், இங்கே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி. திரும்பி வருகிற பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன், கடைப் பையன்களைத் திட்டுகிற அதே வார்த்தைகளில்.

ஐந்தாம் நாள் காலை ஏழுமலையே வந்து என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். "அனந்தபுரத்துல எறக்கி உடு. எறங்கலன்னா புடிச்சி தள்ளு" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சரளா வாசலுக்குள் வெளிச்சம் விழுகிற இடத்தில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மகள் காலேஜுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வீடியோ காலில் பார்த்த முகம்தான், ஆனால் இளைத்திருந்தாள். "வாங்கண்ணா. வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லலியே" என்று எழுந்தாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியாமல், "பசியாறிட்டியாம்மா?" என்றேன். காலையில் சாப்பிட்டாயா என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். அவள் முகம் மாறிவிட்டது. "அவரும் போன்ல இப்டித்தான் கேப்பாரு. அங்க போயி கத்துக்கினது" என்றாள்.

சுவரில் சேகர் இருந்தான், பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். நான் அவனைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. முழுசா சொல்லிடறேன், நடுவுல நீ அழுதாலும் பரவால்ல" என்று ஆரம்பித்தேன். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

மேசை துடைத்ததைச் சொன்னேன். "உம்" என்றாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூக்கு நுனி வியர்வையைச் சொன்னேன். "உம்." "என்னடான்னு கேட்டேன். 'கேஸ்தான் மாஸ்டர், ஒரு சோடா குடுங்க'ன்னு சொன்னான்" என்றேன்.

உம் நின்றுவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. அவள் நம்பவில்லையா? நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் மடமடவென்று மீதியையும் கொட்டிவிட்டேன். சீனர் காரில் ஏற்றச் சொன்னதை, நான் வேண்டாம் என்றதை, அரிசி மூட்டையை, காற்றாடியை. அடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

"அவருக்கா தோணலண்ணா அது" என்றாள்.

"எது?"

"கேஸுன்றது. நான் சொன்னது. அன்னிக்கு காலைல போன் பண்ணாரு. நெஞ்சு ஒரு மாரி அடைக்குது சரளான்னாரு. பொண்ணுக்கு ஸ்கூல் பஸ்ஸு வந்துட்டு ஹாரன் அடிக்கறான். எனக்கு டென்ஷன். 'கேஸா இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடி, அப்பறம் பேசறேன்'னு வெச்சிட்டேன். அப்பறம் எங்க பேசனேன்? பொட்டிதான் வந்துது."

அவள் விடாமல் சொன்னாள். "இத நான் யாருகிட்டயும் சொல்லல. பொண்ணுகிட்ட கூட. நீங்க போன்ல, கடைசியா என் பேர சொன்னாருன்னீங்க. ஐயோ, 'சரளா சொன்னத கேட்டுத்தான் கெட்டேன்'னு சொல்லிட்டுத்தான் உசுர உட்டாரோன்னு எனக்கு. அதான் மாசா மாசம் உங்களுக்கு போனு. கோவமா சொன்னாரான்னு அதுக்குத்தான் கேட்டேன். நீங்க மெதுவா சொன்னாருன்னீங்க. சிரிச்ச மூஞ்சின்னீங்க. எனக்கு அது கேலியா சிரிச்சா மாரி இருந்துது."

பதினான்கு மாதம். நான் ஆறுதல் என்று கரண்டி கரண்டியாகப் போட்டதெல்லாம் அவளுக்கு விஷமாகப் போயிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளத்தான் கை போனது. அடக்கிக்கொண்டேன்.

"சரளா, அவன் உன் பேரைச் சொல்லலம்மா. நான் சொன்னது பொய். நீ கேஸ்னு சொன்னதையும் அவன் என்கிட்ட சொல்லல. உன்னைப் பத்தி ஒரு குறையும் அவன் வாயிலேருந்து வரல."

"நெசமாவா?"

"அவன் மேல சத்தியமா."

அவள் பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தோள் இரண்டும் இறங்கின. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அப்ப கடைசியா இன்னாதான் சொன்னாரு?" என்றாள்.

"'லைட்ட அணைச்சிட்டுப் போங்க மாஸ்டர், கண்ணு கூசுது'ன்னான். அவ்ளோதான்."

"ஆமா. அவருக்கு எப்பவும் வெளிச்சம் இருந்தா தூக்கம் வராது" என்றாள். எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு இரண்டு அடி போனவள் நின்று திரும்பினாள். அழுது முடித்த முகம் மறுபடியும் கோணிக்கொண்டு வந்தது.

"ஒரு வாட்டி கூடவா அண்ணா, என் பேர சொல்லல?"

இந்த ஒன்றுக்கு மட்டும் பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா" என்றேன்.